பத்தியில் இல்லாத இரண்டு வரிகள்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே உன் அப்பா, அத்தை, நான் மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். மற்றச் சேதிகளுக்கு முன்னால், போன செவ்வாய்க்கிழமை நான் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தை எழுதிவிடுகிறேன், அதை எழுதாவிட்டால் மீதி எதுவும் நேராக வராது. "அந்த ரெண்டு வரியை வெட்டினது நான்தான், அதுக்கப்புறம் விடையைச் சரிபார்த்ததும் நான்தான், ரெண்டுமே தப்பு." அவ்வளவுதான். சொல்லியிருந்தால் பத்து நொடி ஆகியிருக்கும். எங்கள் அலுவலக மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தோம், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த வாக்கியம் ஒன்றுதான் வேண்டியிருந்தது, நான் என் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

அன்று மாலைதான் நீ போன் செய்தாய். பதினான்காம் தேதி உனக்குத் திறனறித் தேர்வு என்றும், கணக்குப் பகுதி பயமில்லை, பத்தியைப் படித்து முடிவுக்கு வரச் சொல்லும் கேள்விகளில்தான் எப்போதும் சறுக்குகிறது என்றும் சொல்லிவிட்டு, "நீதானேம்மா அந்தக் கேள்வியெல்லாம் தயார் பண்றே, ஏதாவது ட்ரிக் இருந்தா சொல்லேன்" என்றாய். நான் அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருப்பாய், ஒன்றும் இல்லை, அடுப்பு அணைந்துதான் இருந்தது. போனில் பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும், மனதில் இருப்பதைச் சொல்லத் தொடங்கும்போதே எதிர்முனையில் யாரோ மூச்சு விடுவது கேட்டு நிறுத்திவிடுவேன். அதனால்தான் இந்தக் காகிதம். பக்கத்து அறையிலிருந்து பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "ரெண்டே நிமிஷத்துல வச்சுட்டா, குரலும் ஒரு மாதிரி இருந்துச்சு, அங்க யாரையோ பாத்துட்டா போல" என்று உன் அப்பாவிடம் சொல்லி, சாப்பாடு முடிவதற்குள் அவன் என்ன வேலையில் இருப்பான் என்பது வரை போய்விட்டாள். போனை வைத்தது நான் என்று சொல்லிப் பார்த்தேன். "அதான் சொல்றேன், நீயே பயந்து வச்சுட்டே" என்றாள். அத்தை தேர்வு எழுதினால் பூஜ்யம் வாங்குவாள், ஆனால் அவள் யாருடைய வேலையையும் கெடுக்கவில்லை. நாங்கள் கெடுக்கிறோம்.

என் வேலை உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும், கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால்தான் நான் செய்தது என்னவென்று புரியும். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், ஆறு மேசைகள். கம்பெனிகள் தங்கள் ஆட்களில் யாருக்குப் பதவி உயர்வு கொடுப்பது என்று முடிவு செய்ய எங்களிடம் கேள்வித்தாள் கேட்கும். கணக்குக் கேள்விகளுக்கு ஒருவர் இருக்கிறார், பல் வைத்தியருக்கும் அவருக்கும் தீராத உறவு. பத்திக் கேள்விகள் என்னுடையவை. ஏதாவது அறிக்கையிலிருந்தோ புத்தகத்திலிருந்தோ ஒரு பக்கம் எடுத்து, பன்னிரண்டு வரிக்குச் சுருக்கி, கீழே ஐந்து கூற்றுகள் எழுதுவேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சரி', 'தவறு', 'சொல்ல முடியாது' என்று மூன்று கட்டம். பத்தியில் உள்ளதை மட்டும் வைத்து விடையளிக்கவும் என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருக்கும். பத்தியும் கேள்விகளும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும், தேர்வெழுதுகிறவர் தாளைத் திருப்பக்கூடாது, இது எங்கள் விதி. இன்னொரு விதியும் உண்டு, அதை நாங்கள் வெறுங்கை வாசிப்பு என்போம். பக்கம் தயாரானதும், மூலத்தையும் விடைக்குறிப்பையும் பார்க்காத ஒருவர், கையில் ஒன்றுமில்லாமல் அந்தப் பக்கத்தை மட்டும் படித்து விடை குறிக்க வேண்டும். அவர் குறித்ததும் விடைக்குறிப்பும் ஒத்துப்போனால்தான் அச்சுக்குப் போகும். ஒரு பத்தியை எழுதியவர் அதற்கு வெறுங்கை வாசிப்பு செய்யவே கூடாது. நான் இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொன்ன முதல் விஷயமே இதுதான்.

இந்த வருடம் ஒரு பார்சல் கிடங்குக்காரர்கள் வந்தார்கள். தளத்தில் வேலை செய்கிறவர்களில் ஒருவரை சூப்பர்வைசர் ஆக்க வேண்டும், இடம் ஒன்று, எழுதுகிறவர்கள் அறுபத்தொரு பேர். கிடங்குக்காரர்களுக்குப் பழகிய விஷயமாக இருக்கட்டும் என்று ஒரு தொழிற்சாலைப் பாதுகாப்பு அறிக்கையிலிருந்து பத்தி எடுத்தேன். காலை ஷிஃப்டில் இருந்தவர்களுக்குப் புதுக் கையுறை கொடுத்தார்கள், அந்த மாதம் காலை ஷிஃப்டில் கைக்காயங்கள் பாதியாகக் குறைந்தன, பழைய கையுறையோடு வேலை செய்த மாலை ஷிஃப்டில் குறையவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வரி வரும். இரண்டு ஷிஃப்டிலும் ஆட்கள், இயந்திரங்கள், வேலையின் அளவு எல்லாம் ஒன்றுதான் என்று ஒரு வரி. அடுத்த மாதம் கையுறைகளை இரண்டு ஷிஃப்டுக்கும் மாற்றிக் கொடுத்தபோது காயங்களின் கணக்கும் அப்படியே மாறியது என்று இன்னொரு வரி. கீழே நான் எழுதிய கூற்று, காயங்கள் குறைந்ததற்குக் காரணம் புதுக் கையுறையே. அந்த இரண்டு வரிகள் இருக்கும்வரை இதற்கு விடை 'சரி'. அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

பக்கத்தை அமைக்கிற பெண் தாளைக் கொண்டுவந்து, "அக்கா, கடைசிக் கேள்வி பின்பக்கம் போயிடுச்சு, ரெண்டு வரி எடுத்துக் குடுத்தீங்கன்னா உள்ள உக்காந்துடும்" என்றாள். நீலப் பென்சிலை எடுத்து அந்த இரண்டு வரிகளை அடித்தேன். ஏன் அவற்றை என்று கேட்டால், அவைதான் பார்க்க வறட்சியாக இருந்தன, கதை அவற்றுக்கு முன்பே முடிந்துவிட்டது போலத் தோன்றியது. நாள் முழுக்கப் புத்தகத்தோடு கிடக்கிறவள், எந்தச் செங்கல்லை உருவினால் சுவர் விழும் என்று தெரியாமல், அழகு குறைந்த செங்கல்லாகப் பார்த்து உருவினேன். அன்று கணக்குக்காரர் கன்னம் வீங்கி விடுப்பில் இருந்தார். எங்கள் தலைவரை நாங்கள் முதுகுக்குப் பின்னால் சரிசரி என்போம், நாம் சொல்லும் வாக்கியம் முடிவதற்குள் சரி சரி என்று தலையாட்டிவிடுவார். அவர் வந்து, "அவர் வர்ற வரைக்கும் யாரு காத்திருக்கிறது, நீயே ஒரு பார்வை பாத்துடும்மா, பத்து நிமிஷ வேலை" என்றார். எழுதியவள் பார்க்கக்கூடாதே என்று நான் சொல்லவில்லை. படித்தேன், 'சரி' என்று குறித்தேன், விடைக்குறிப்போடு ஒத்துப்போனது, கையெழுத்துப் போட்டேன். நான் படித்தது அந்தப் பக்கத்தை அல்ல. அடித்த வரிகள் என் தலைக்குள் அடிபடாமல் இருந்தன, அவற்றையும் சேர்த்துப் படித்துவிட்டேன். தெருவில் போகிற யாரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாலும் இந்தத் தவறு நடந்திருக்காது, இல்லாத வரியைப் படிக்க அவர்களுக்குத் தெரியாது.

முடிவு வந்தபோது ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற ஒருவர் நாற்பத்திரண்டு வாங்கி முதலாவதாக வந்திருந்தார், பெல்ட்டில் பார்சல் பிரிக்கிற ஒரு பெண் நாற்பத்தொன்று. கையுறைக் கேள்விக்கு அவர் 'சரி' போட்டிருந்தார், அவள் 'சொல்ல முடியாது' போட்டிருந்தாள். அந்த ஒரு கேள்வியைத் திருத்தினால் இருவரும் இடம் மாறுவார்கள். அவள் ஆட்சேபணை எழுதிக் கொடுத்திருந்தாள், அதை விசாரிக்கத்தான் செவ்வாய்க்கிழமை அந்த மேசை. சரிசரி, கிடங்கின் பணியாளர் அதிகாரி, கணக்குக்காரர், குறிப்பெடுக்க நான், எதிரே அவள்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், முழங்கையில் ஒட்டுநாடாத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது அவளுக்கே தெரியவில்லை. கேள்வித்தாளை நாங்கள் தேர்வு முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வோம், ஆனால் அவள் அந்தப் பத்தியை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள், ஒரு சொல் மாறவில்லை. சரிசரி முதலில் அதைத்தான் பிடித்தார். "இவ்வளவு துல்லியமா எப்படிம்மா ஞாபகம் இருக்கு, போனை உள்ள கொண்டு போனீங்களா" என்றார். அவள் கோபப்படவில்லை. "ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு விலாசம் படிக்கிறேன் ஐயா, பத்து வரி நிக்காதா" என்றாள். கணக்குக்காரர் மேசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். பிறகு சரிசரி, கையுறை போட்டால் கை கிழியாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே, இதில் என்ன ஆட்சேபணை என்றார். அவள் சொன்னதை அன்றைக்கே குறிப்பில் எழுதினேன், அப்படியே தருகிறேன். "தெரியும் ஐயா, நானும்தான் போடுறேன். நீங்க கேட்டிருக்கிறது அது இல்லையே. காலை ஷிஃப்ட்ல காயம் குறைஞ்சதுக்கு அதுதான் காரணமான்னு கேட்டிருக்கீங்க. போன வருஷம் எங்க காலை ஷிஃப்ட்ல ஒரு மாசம் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. ஏன்னா மூணாவது பெல்ட் ரிப்பேர், பாதிப் பேர் உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தோம். அதே மாசம் எங்களுக்குப் புது ஷூவும் குடுத்தாங்க. ஷூ போட்டதாலதான் கை கிழியலேன்னு எழுதிடலாமா." பணியாளர் அதிகாரி சிரித்துவிட்டு, சரிசரியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அது உங்க கிடங்கு. இந்தப் பத்தியில ரிப்பேர்னு எங்க இருக்கு" என்றார் சரிசரி. "இல்ல ஐயா. ரிப்பேர் இல்லேன்னும் எங்கேயும் இல்லையே. அதனாலதான் சொல்ல முடியாதுன்னு போட்டேன். பத்தியில உள்ளதை மட்டும் வச்சு எழுதுன்னு மேல கொட்டை எழுத்துல போட்டிருந்தது நீங்கதானே" என்றாள். பத்து வருடங்களாக நான் செய்கிற வேலையின் முழுப் பாடத்தையும் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். சரிசரி வழக்கமான சரி சரியைக்கூடச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "மூலத்துல இருக்குல்லம்மா" என்றார். நான் "இருக்கு சார்" என்றேன்.

அது பொய் இல்லை என்பதைத்தான் இந்த ஐந்து நாட்களாக என்னால் விழுங்க முடியவில்லை. மூலத்தில் இருக்கிறது. தேர்வு எழுதினவர்கள் முன்னால் இருந்த தாளில் இல்லை. நான் ஒரு உண்மையைச் சொல்லிவிட்டு, மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அதிலிருந்து ஒரு பொய்யை எடுத்துக்கொள்ள விட்டேன், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தே விட்டேன். மற்றவர்கள் பொருந்தாத முடிவுக்குத் தாவுவதைப் பிடித்துக் காட்டத்தான் எனக்குச் சம்பளம். "மூல அறிக்கையின்படி விடை சரியானது" என்று சரிசரி சொல்லச் சொல்ல நானே குறிப்பில் எழுதினேன், கையெழுத்து கூட நன்றாக வந்தது.

அவள் எழுந்து, வணக்கம் சொல்லி, நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டுப் போனாள். கதவு சாத்தியதும் பேச்சு ஆரம்பித்தது. அதைக் கேட்க உனக்கு அருவருப்பாக இருக்கும், ஆனாலும் எழுதுகிறேன், எங்களைப் போன்றவர்கள் தயாரித்த தாளில்தான் நீயும் எழுதப்போகிறாய். "இவ்வளவு தெளிவா பேசுறா, யாரோ பின்னாடி இருந்து சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காங்க" என்றார் சரிசரி. ஒருத்தி தெளிவாகப் பேசினால் அது அவளுடைய தெளிவாக இருக்க முடியாது. "போன வருஷமும் ஷிஃப்ட் பட்டியலைப் பத்தி ஒரு மனு குடுத்தாங்க சார்" என்றார் பணியாளர் அதிகாரி. அந்த மனுவில் சொன்னது உண்மையா என்று யாரும் கேட்கவில்லை, "ஓ, அந்த டைப்பா" என்றார் சரிசரி. "நாப்பத்தஞ்சு பேர் சரின்னு போட்டிருக்காங்க, பத்துப் பேர்தான் இவளை மாதிரி போட்டிருக்காங்க, அப்போ யாரு சரி" என்றும் கேட்டார். அந்த நாற்பத்தைந்து பேரில் எத்தனை பேர், கேள்வித்தாள் தயாரித்தவர்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று தெரிந்து போட்டார்களோ. ஐந்து நிமிடத்துக்குள் அவள் பின்னால் ஆள் வைத்திருக்கிறவளாக, மனு போட்டே பிழைக்கிறவளாக, போனை ஒளித்துக் கொண்டுபோகிறவளாக ஆகிவிட்டாள். ஒன்றுக்கும் அந்த அறையில் ஆதாரம் இல்லை. கணக்குக்காரர் மட்டும், "அந்தப் பக்கத்துக்கு யாரு வெறுங்கை பாத்தது" என்று கேட்டார். சரிசரி, "அதெல்லாம் ஆச்சு, ஆச்சு" என்றார். கணக்குக்காரர் என்னைப் பார்த்தார். நான் பாட்டில் மூடியைப் பார்த்தேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை, தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

புதனும் வியாழனும் வேலைக்குப் போனேன், ஒரு பத்திகூட எழுத முடியவில்லை. ஒரு நதியைப் பற்றிய பத்தி, அதற்குக் கீழே கூற்று எழுதப் பேனாவை வைத்தால், இதைப் படித்து ஒருவனுக்கு வேலை கிடைக்கும், ஒருவனுக்குப் போகும், நான் எந்த வரியை அடிக்கிறேனோ அதைப் பொறுத்து, என்று தோன்றியது. இத்தனை நாள் அது எனக்குத் தோன்றாமலே இருந்திருக்கிறது. உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது வயது, உன்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே தபால் வழியில் படித்தவள், எனக்குப் படிக்கத் தெரியும் என்பது ஒன்றுதான் நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வைத்திருந்த பெருமை. அந்தப் பெருமையைத்தான் சரிபார்க்காமல் விட்டேன்.

வியாழக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பக்கத்தின் பிரதியை உன் அப்பாவிடம் கொடுத்தேன், ஒன்றும் சொல்லவில்லை, இந்தக் கூற்றுக்கு விடை போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். நாள் முழுக்க ஒன்பது மாடிக் கட்டிடத்தில் நின்றுபோன லிஃப்டைப் பழுதுபார்த்துக்கொண்டு கிடந்துவிட்டு வந்திருந்தார், முழங்கால் வலி வேறு. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "இதுல எப்படிச் சொல்றது" என்றார். "காலையில ஆளு கம்மியா வந்திருந்தா? லிஃப்ட் நின்னுபோனா உடனே கயிறுதான்னு சொல்லுவானுங்க, போய்ப் பாத்தா கதவு சரியா மூடியிருக்காது." பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "இதுக்கு விடை என்ன போட்டிருக்கான்" என்றார். 'சரி' என்று போட்டிருக்கிறது என்றேன். "எந்த மடையன் போட்டான்" என்றார். அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன், கழுவிவிட்டு வந்து, நான்தான் போட்டேன் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு, "சொல்லிட்டியா அவங்ககிட்ட" என்று கேட்டார். இல்லை என்றேன். "சொல்லிடு" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை, வேலை போனால் என்ன செய்வது என்பதுகூட இல்லை. அத்தைதான், "எல்லாரும் மறந்ததை இவ எதுக்குக் கிளறணும், பேசாம இருந்தா நல்லவதான்" என்றாள். அன்று எனக்கும் அதேதான் தோன்றிக்கொண்டிருந்தது, அதனால் அவள்மேல் கோபப்பட முடியவில்லை.

இப்போது நீ கேட்ட ட்ரிக். உன் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னாயே, 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று வந்தால் 'தவறு' போடு, 'சொல்ல முடியாது' என்பது பத்தில் ஒன்றுதான் வரும், சந்தேகம் வந்தால் நீளமான விடையைக் குறி என்றெல்லாம், அவை பத்தியைப் படிக்காமல் எங்களைப் படிக்கிற வித்தை. பலிக்கும், அதுதான் அசிங்கம். எங்களுக்குப் பழக்கதோஷங்கள் உண்டு, யாரோ உட்கார்ந்து அவற்றை எண்ணியிருக்கிறார்கள். நான் உனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான், அதுவும் என்னுடையது இல்லை, அந்த பெல்ட்டுக்காரியுடையது. கூற்றைப் படித்ததும், இது உண்மையா என்று கேட்காதே, உனக்கு உலகத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வந்து சரி சரி என்று தலையாட்டும். பத்தியில் இருப்பதெல்லாம் அப்படியே இருக்கட்டும், ஆனாலும் இந்தக் கூற்று பொய்யாகிப்போகிற மாதிரி ஒரு நிலைமையை உன்னால் நினைத்துப் பார்க்க முடிகிறதா என்று கேள். ரிப்பேரான பெல்ட் ஒன்று கிடைத்துவிட்டால், கூற்று எவ்வளவு நியாயமாகத் தெரிந்தாலும், 'சொல்ல முடியாது' என்று போடு. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை, பத்தி எல்லாக் கதவையும் அடைத்துவிட்டது என்றால் 'சரி' போடு. கூற்று சரியாக இருந்தால் பத்தியில் ஏதோ ஒரு வரி பொய்யாக வேண்டும் என்றால் 'தவறு' போடு. பத்தியில் 'சிலர்' என்று இருந்து கூற்றில் 'பலர்' என்று வந்தால் அங்கே நில். 'பிறகு' என்று இருந்து கூற்றில் 'அதனால்' என்று வந்தால் அங்கேயும் நில், பெரும்பாலான குழிகள் அங்கேதான் வெட்டியிருப்போம். உனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றிப் பத்தி வந்தால் இரண்டு மடங்கு மெதுவாகப் படி, தெரிந்தவர்கள்தான் இல்லாத வரியைப் படிப்பார்கள். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும், எங்களைப் போல ஒருத்தி விடையைத் தப்பாகப் போட்டு வைத்திருந்தால் உனக்கு மதிப்பெண் கிடைக்காது. அதற்கு என்னிடம் ட்ரிக் இல்லை.

போனில் உன் குரலைப் பற்றி அத்தை சொன்னதை எழுதினேன், நான் அப்படி எதுவும் நினைக்கவில்லை. நீ களைப்பாக இருந்திருக்கலாம், அறைத்தோழி பக்கத்தில் இருந்திருக்கலாம், என் குரல் சரியில்லாததால் உன் குரல் அப்படி ஆகியிருக்கலாம். ஏதாவது இருந்தால் நீயாகச் சொல், இல்லாவிட்டால் நான் ஒன்றும் ஊகிக்க மாட்டேன், இந்த வாரத்துக்கு எனக்கு ஊகித்தது போதும். குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததல்லவா, அதை உன் அப்பா தானே சரிசெய்கிறேன் என்று கழற்றி, இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. ஊரெல்லாம் லிஃப்டை ஓட வைக்கத் தெரியும், வீட்டுக் குழாய் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் கம்பளிச் சட்டையை அத்தை வெந்நீரில் போட்டுச் சுருக்கிவிட்டாள், பொம்மைக்குப் போடலாம் என்கிறாள், அங்கே குளிர் தொடங்குமுன் புதிதாக ஒன்று வாங்கிக்கொள். மேல்வீட்டு டெய்லர் உன்னைக் கேட்டார், எப்போது வருவாய் என்று தெரியாது என்றேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் உட்கார்ந்து சரிசரிக்கு ஒரு பக்கம் எழுதினேன், அதன் பிரதி கிடங்கின் பணியாளர் அதிகாரிக்கும். எந்த வரிகளை எந்தத் தேதியில் வெட்டினேன், வெறுங்கை வாசிப்பை நானே செய்தேன், விதிப்படி செய்யக்கூடாது, செவ்வாய்க்கிழமை கேட்டபோது மூலத்தில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன், தேர்வுத்தாளில் இருந்த பத்தியின்படி 'சொல்ல முடியாது' என்பதே சரியான விடை, அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணைத் திருத்த வேண்டும். நீலப் பென்சில் அடித்தலும் என் கையெழுத்தும் இருக்கிற தாளையும் இணைத்திருக்கிறேன். மூன்று தடவை எழுதினேன். முதல் இரண்டிலும் எங்கேயோ நான் நல்லவள் என்று ஒரு வாடை அடித்தது, கிழித்துப் போட்டேன். நாளைக் காலை கொடுப்பேன். கொடுத்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பேன், கொடுக்காமல் உனக்கு மட்டும் எழுதி அனுப்பினால் அதுவும் ஒரு வகையில் அந்தப் பாட்டில் மூடிதான். என்னை அங்கே வைத்திருப்பார்களா என்று தெரியாது. நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே, உன் அப்பாவுக்கு வேலை இருக்கிறது, எனக்கும் வேறு வேலை தெரியும். அந்தப் பெண்ணுக்கு வர வேண்டியது வந்தால் போதும்.

தேர்வன்று காலையில் எதையும் புதிதாகப் படிக்காதே, வயிற்றைக் காயப்போடாதே, அனுமதிச் சீட்டையும் இரண்டு பேனாக்களையும் முந்தின நாளே பையில் வைத்துவிடு, போன தடவை மாதிரி பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்பி ஓடாதே. நீ நினைத்தது நடக்கட்டும், நடக்காவிட்டாலும் உன் தலை நிமிர்ந்தே இருக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு. அப்பாவின் ஆசியும் அத்தையின் ஆசியும் இதில் சேர்ந்திருக்கின்றன, அத்தை தன்னுடையதைத் தனியாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். சேர்ந்ததும் ஒரு வரி எழுது.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அம்மா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டுத் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன், முடிவு தெரிந்ததும் சேர்த்து அனுப்பலாம் என்று. அதனால் நான்கு நாள் தாமதம். திங்கட்கிழமை காலை கொடுத்தேன். சரிசரி நின்றுகொண்டே படித்துவிட்டு, "இதை வேற யார்கிட்ட சொன்னே" என்று கேட்டார். என்னைப் பத்திகளிலிருந்து எடுத்துவிட்டார்கள், இப்போது படவரிசைக் கேள்விகளுக்கு எண் போடுகிறேன். விடையைத் திருத்தவில்லை. திருத்தினால் தவறு நடந்ததாக ஆகிவிடும் என்று, அச்சுக் கோளாறு எனக் குறிப்பிட்டு அந்தக் கேள்வியையே எல்லாருக்கும் நீக்கிவிட்டார்கள். அதில் ஃபோர்க்லிஃப்ட்காரருக்கு ஒரு மதிப்பெண் போய் இருவரும் நாற்பத்தொன்று ஆனார்கள். சமமாக வந்தால் அதிக காலம் வேலை செய்தவருக்கு என்பது கிடங்கின் விதி. அவர் அவளைவிட ஐந்து மாதம் முன்னால் சேர்ந்தவர். நேற்று அவரை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள்.